தேவனாம்பட்டினம் முதல் யார்க்டவுன் வரை: டீச்சரிடம் கேளுங்கள்

போன இதழில் கடலூர் கோட்டையைப் பற்றி எழுதும்போது, அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிக் குண்டுகள் நம் கடலூரில்தான் வெடித்தன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இவ்வளவு கடிதங்கள். நம்ப முடியவில்லை என்றவர்கள் பாதி, இன்னும் சொல்லுங்கள் என்றவர்கள் பாதி. ஒற்றர்களைப் பற்றியும் தளபதிகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த பகுதி இது. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: டீச்சர், அமெரிக்கா எங்கே, கடலூர் எங்கே? 1781இல் யார்க்டவுனோடு போர் முடிந்தது என்றுதானே படித்தோம். 1783இல் இங்கே எதற்குச் சண்டை?
— கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம்

ஆங்கிலப் படை அமெரிக்கர்களிடம் சரணடைந்த யார்க்டவுனோடு முடிந்தது அமெரிக்க மண்ணில் நடந்த பெரிய சண்டைதான் அம்மா, போர் முடியவில்லை. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் போட்டது. அதன்பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எங்கெல்லாம் எதிரெதிரே இருந்தார்களோ அங்கெல்லாம் இந்தப் போர் பரவியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது, அப்புறம் நம் சோழமண்டலக் கரைக்கும் வந்தது.

1782 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தன. அந்த ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் இங்கே வந்து ஹைதரை நேரில் சந்தித்தார். டிசம்பரில் ஹைதர் இறந்துபோனார். 1783 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்து பொறுப்பேற்றார். இளம் வயதில் தக்காணத்தையே ஆட்டிவைத்தவர் அவர். இப்போது வயதும் நோயும் சேர்ந்து தளர்ந்திருந்தார்.

சென்னையிலிருந்து ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படையோடு புறப்பட்டார். நூறு மைல் தூரத்தைக் கடக்க அவருக்குக் கிட்டத்தட்ட நாற்பது நாள் ஆயிற்று. ஜூன் 7ஆம் தேதி கடலூருக்கு வந்து, இன்றைய முதுநகருக்குத் தெற்கே முகாம் போட்டார். 13ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் வெளிக்காவல் அரண்கள் மேல் பாய்ந்தார். அந்த ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர். 20ஆம் தேதி கடலில் சுஃப்ரெனின் 15 கப்பல்களும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. ஹியூஸின் மாலுமிகளில் பலர் ஸ்கர்வி நோயில் கிடந்தார்கள், குடிதண்ணீரும் தட்டுப்பாடு. அவர் சென்னைக்குத் திரும்பிவிட்டார். 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கியபோது, வங்காளச் சிப்பாய்கள் பயனெட்டோடு பயனெட் மோதி அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். பிரிட்டனும் பிரான்சும் இந்தப் போரில் மோதிய கடைசிச் சண்டை அதுதான். ஆங்கிலேயர் பக்கம் ஹனோவர் ஜெர்மானியர்களும் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் பக்கம் மைசூர் வீரர்களும் இருந்தார்கள். அமெரிக்கப் படை என்று எதுவும் இல்லை.

இதில் என் மனதை இன்றைக்கும் அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டனும் பிரான்சும் வெர்சாயில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டது 1783 ஜனவரி 20. கடலூரில் ரத்தம் கொட்டியது ஜூன் 13. இடையில் ஐந்து மாதம். ஜூன் கடைசியில்தான் 'மெடியா' என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கடலூருக்குச் செய்தி கொண்டு வந்தது. உடனே துப்பாக்கிகள் ஓய்ந்தன. செய்தி மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் அந்த ஆயிரம் பேரில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தளபதிகளின் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டேன். செத்த சிப்பாய்களில் ஒருவர் பெயரைக்கூட என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது.

ஒற்றர்களைப் பற்றிப் பேசும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் யாருக்கு முதலில் தெரிந்தது என்பதே பாதிப் போர். அடுத்த கேள்வியைப் படித்தால் இதன் மறுபக்கம் தெரியும்.

கேள்வி: 1778இல் புதுச்சேரி ஏன் இவ்வளவு சீக்கிரம் விழுந்தது? நம்மூர்க்காரர்களில் யாராவது காட்டிக்கொடுத்தார்களா?
— வாசகர், முத்தியால்பேட்டை

காட்டிக்கொடுத்தவர் இருந்தார் ஐயா. ஆனால் நம்மூர்க்காரர் இல்லை, பாரிசில் இருந்தார்.

பெயர் எட்வர்ட் பான்கிராஃப்ட். மாசசூசெட்ஸில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், துணிச்சாய ஆராய்ச்சியில் பேர்பெற்றவர். அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளினுக்குச் செயலாளர் மாதிரிக் கூடவே இருந்தார். ஃப்ராங்க்ளின் மேசைமேல் இருக்கும் காகிதங்கள் அத்தனையும் அவர் கண்ணில் படும். அவர் லண்டனிடம் சம்பளம் வாங்கும் ஒற்றர்.

செய்தி அனுப்பிய விதத்தைக் கேளுங்கள். ஒரு பெண்ணை மயக்குவது பற்றி நண்பருக்கு எழுதுவதுபோல் ஒரு காதல் கடிதம். அதன் வரிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மையில் உண்மையான செய்தி. கடிதத்தைச் சுருட்டி ஒரு புட்டிக்குள் போட்டு, புட்டியின் கழுத்தில் கயிறு கட்டி, பாரிசின் துய்லரி தோட்டத்தின் தெற்கு மேடையில் ஒரு மரத்தடியில் இருந்த பொந்தில் இறக்கிவிடுவார். செவ்வாய்க்கிழமை தோறும், இரவு ஒன்பதரைக்கு மேல். பிரிட்டிஷ் தூதரகத்து ஆள் வந்து கயிற்றை இழுத்து எடுத்துப் போவான். ஃப்ராங்க்ளின் கடைசிவரை இதை அறியவில்லை. 1889இல் பழைய பிரிட்டிஷ் ஆவணங்கள் வெளிவந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. அதாவது நூறு வருஷத்துக்கு மேல் அவர் நல்லவராகவே வலம் வந்தார்.

1778 பிப்ரவரி 6ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டே நாளில் லண்டனுக்குத் தெரிந்துவிட்டது. பிரான்ஸ் முறைப்படி அறிவித்ததோ மார்ச் 13. அப்புறம் போர்ச் செய்தி, ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் கப்பலை நம்பாமல், எகிப்து சூயஸ் வழியாகக் குறுக்கே ஓடியது. அங்கே ஜார்ஜ் பால்ட்வின் என்ற ஆங்கிலேயர் அதை இந்தியாவுக்கு விரைந்து அனுப்பிவைத்தார். ஜூலை முதல் வாரத்தில் கல்கத்தாவுக்குச் செய்தி வந்தது, உடனே சந்திரநாகூர் கைப்பற்றப்பட்டது. ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ புதுச்சேரி வாசலில் வந்து நின்றுவிட்டார்.

பிரெஞ்சு ஆளுநர் பெல்கோம் சரணடைய மறுத்தார். ஆகஸ்ட் 10 அன்று கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. கொஞ்ச நாளில் பிரெஞ்சுக் கப்பல்கள் கரையை விட்டே போய்விட்டன. கடல்வழி உதவி இல்லாமல், நாலாபுறமும் பள்ளம் தோண்டி நெருங்கும் படைக்கு எதிராக அக்டோபர் 18 வரை ஊர் தாக்குப்பிடித்தது. சீக்கிரம் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு மாதம் தாக்குப்பிடித்த ஊர் அது. காவற்படையை ஆங்கிலேயர் ராணுவ மரியாதையோடுதான் வெளியே விட்டார்கள்.

பான்கிராஃப்டின் புட்டிதான் புதுச்சேரியை வீழ்த்தியது என்று நான் சொல்லவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கே அந்த ஆள்மேல் நம்பிக்கை கிடையாது. பங்குச் சந்தையில் பணம் பண்ணுகிறவன் சொல்வதை எப்படி நம்புவது என்பது அவர் எண்ணம். ஆனால் பாரிசிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து சூயஸ், சூயஸிலிருந்து கல்கத்தா, சென்னை என்று செய்தி ஓடிய அந்தச் சங்கிலியில் பிரெஞ்சுக்காரர்கள் எல்லா இடத்திலும் பிந்திப்போனார்கள்.

கேள்வி: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கும் நம் தேவனாம்பட்டினத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா? அங்கே ஒரு ஒற்றனுக்குச் சிலை இருக்கிறதாமே?
— மீனவக் குடும்பத்து வாசகர், தேவனாம்பட்டினம்

உண்மை. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து கம்பெனிக்காக விலைக்கு வாங்கியது, அப்போது சென்னையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல். பேரம் எப்படி என்றால், கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி. நாலாபக்கமும் சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு கிராமங்கள் என்ற பேச்சு அப்படி வந்ததுதான்.

இந்த யேல் பிறந்தது பாஸ்டனில். பிற்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கை விற்று வந்த 562 பவுனில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு 1718இல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். வள்ளல் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஆளுநராக இருந்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்களை அடிமைகளாகவும் கப்பலேற்றினார்கள். நம் கரையில் சேர்த்த பணம் எப்படிச் சேர்ந்தது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

அந்தக் கல்லூரியில் 1773இல் பட்டம் பெற்ற இரண்டு நண்பர்கள் நேதன் ஹேல், பெஞ்சமின் டால்மேட்ஜ். இருவரும் பள்ளி ஆசிரியர்கள் ஆனார்கள், பிறகு படையில் சேர்ந்தார்கள். 1776 செப்டம்பரில் நியூயார்க்கை ஆங்கிலேயர் நெருங்கிவிட்டார்கள். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று அமெரிக்கப் படைத் தலைவர் வாஷிங்டனுக்குத் தெரியவில்லை. யாராவது போய்ப் பார்த்து வரவேண்டும். ஹேல் முன்வந்தார். வேலை தேடும் பள்ளி ஆசிரியர் வேடம், கையில் தன் யேல் பட்டம். பயிற்சி கிடையாது, அந்தப் பக்கத்தில் நம்பி நிற்க ஓர் ஆள் கிடையாது. ராபர்ட் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலத் தரப்பு அதிகாரி, தானும் விடுதலைப் பக்கம்தான் என்று நடித்துப் பேச்சுக் கொடுத்தார். ஹேல் நம்பிவிட்டார். 21ஆம் தேதி பிடிபட்டார், விசாரணை இல்லாமலே 22ஆம் தேதி காலை தூக்கு. வயது 21.

நாட்டுக்குக் கொடுக்க ஒரே ஓர் உயிர்தானே இருக்கிறது என்று வருந்துவதாக அவர் கடைசியில் சொன்னார் என்பார்கள். அங்கே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி சொன்னதாக வாய்வழி வந்த செய்தி அது. சிலை இருப்பது உண்மைதான், யேல் வளாகத்திலேயே கைகள் கட்டப்பட்ட நிலையில் நிற்கிறார். அந்த வயதில் என்னிடம் படித்துப்போன பிள்ளைகளை நினைத்தால், அவனை அப்படித் தனியாக அனுப்பியவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: ஒற்றர் வேலையில் பெண்கள் இருந்தார்களா டீச்சர்? துணி காயப்போட்டே செய்தி சொன்ன ஒரு பெண்மணி பற்றிக் கேள்விப்பட்டேன்.
— இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்

மேலே சொன்ன டால்மேட்ஜை ஞாபகம் இருக்கிறதல்லவா? நண்பன் தூக்கில் தொங்கி இரண்டு வருஷம் கழித்து, 1778இல், வாஷிங்டன் அந்த வேலையை அவரிடமே கொடுத்தார். அவர் ஒரு தவறுகூடத் திரும்ப நடக்க விடவில்லை. வெளியாளை அனுப்பவில்லை. தன் சொந்த ஊரான லாங் ஐலண்டின் செட்டாக்கெட்டில், சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆட்களைப் பிடித்தார். ஏப்ரஹாம் வுட்ஹல் என்ற விவசாயி. ஆஸ்டின் ரோ என்ற சத்திரக்காரர். காலெப் புரூஸ்டர் என்ற படகோட்டி. நியூயார்க் நகருக்குள் ராபர்ட் டவுன்செண்ட் என்ற வியாபாரி. கல்பர் வளையம் என்று இதற்குப் பெயர்.

ஒவ்வொருவருக்கும் எண். வாஷிங்டன் 711, டால்மேட்ஜ் 721, வுட்ஹல் 722, டவுன்செண்ட் 723. நியூயார்க்குக்கு 727. மொத்தம் 763 எண்கள் கொண்ட சங்கேத அகராதியை டால்மேட்ஜே தயாரித்தார். ஜேம்ஸ் ஜே என்ற மருத்துவர் செய்துகொடுத்த மை இருந்தது. எலுமிச்சம்பழச் சாறு மாதிரிச் சூடு காட்டினால் தெரிந்துவிடுகிற மை இல்லை. அதற்கென்றே உள்ள இன்னொரு திரவத்தைத் தடவினால்தான் எழுத்து எழும்பும். டவுன்செண்ட் கடையில் சரக்கு வாங்க வருகிறமாதிரி ரோ குதிரையில் வருவார், செய்தியோடு ஐம்பது மைலுக்கு மேல் திரும்பிப் போவார். அங்கிருந்து புரூஸ்டர் இரவில் படகில் கடலிடுக்கைக் கடந்து டால்மேட்ஜிடம் சேர்ப்பார்.

நீங்கள் கேட்ட பெண்மணி அன்னா ஸ்ட்ராங், வுட்ஹலின் பக்கத்து வீட்டுக்காரர். கொடியில் கறுப்புப் பாவாடை தொங்கினால் புரூஸ்டர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். பக்கத்தில் எத்தனை கைக்குட்டை தொங்குகிறதோ அத்தனையாவது கழிமுகத்தில் படகு மறைந்திருக்கிறது. இது குடும்பத்தார் சொல்லிச்சொல்லி வந்த கதை, எழுத்து ஆதாரம் கிடையாது. ஆனால் வுட்ஹல் தன் கடிதத்தில் 355 ஒருத்தி உதவியால் எதிரியை ஏமாற்றலாம் என்று எழுதியிருப்பது ஆதாரத்தோடு உள்ளது. அந்தச் சங்கேதத்தில் 355 என்றால் பெண்மணி. யார் என்று இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

டவுன்செண்ட் யார் என்பது வாஷிங்டனுக்கே தெரியாது. போர் முடிந்தும் அவர் வாய் திறக்கவில்லை. ஒரு வரலாற்று ஆய்வாளர் கையெழுத்தை ஒப்பிட்டு அவரைக் கண்டுபிடித்தது 1930களில்தான். எனக்கு ஹேலைவிட இவர்கள்மேல்தான் மதிப்பு அதிகம். வுட்ஹல் பயந்தாங்கொள்ளி, கடிதத்துக்குக் கடிதம் புலம்பியிருக்கிறார். பயந்துகொண்டே வருஷக்கணக்கில் செய்தார்.

கேள்வி: பெனடிக்ட் ஆர்னால்டு துரோகியா, அல்லது துரோகம் செய்யத் தள்ளப்பட்டவரா?
— வாசகர், வில்லியனூர்

துரோகிதான். அமெரிக்கத் தளபதியாக இருந்தவர். ஆங்கிலேயரை எதிர்த்துக் கிடைத்த 1777 சரட்டோகா வெற்றியில் அவர் பங்கு பெரியது, அதில் கால் எலும்பு நொறுங்கியது. பதவி உயர்வில் தன்னை ஒதுக்கினார்கள் என்ற மனக்குறையிலும் நியாயம் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் 1780இல் வெஸ்ட் பாயின்ட் கோட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதை 20,000 பவுனுக்கு எதிரிக்கு விற்கப் பேரம் பேசினார். மனக்குறை உள்ளவன் வேலையை விட்டுப் போகலாம். தன்னை நம்பிக் காவல் நிற்கும் ஆட்களை விலை பேசக்கூடாது.

பேரத்துக்கு வந்த ஆங்கில மேஜர் ஜான் ஆந்த்ரே, செப்டம்பர் 23 அன்று சாதாரண உடையில் திரும்பும்போது மூன்று உள்ளூர்க் காவல் ஆட்களிடம் மாட்டினார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். காலுறைக்குள் கோட்டையின் விவரங்கள் ஆர்னால்டின் கையெழுத்திலேயே இருந்தன. கடிகாரமும் பணமும் தருகிறேன் என்றார், அவர்கள் விடவில்லை. அக்டோபர் 2இல் ஆந்த்ரேக்குத் தூக்கு. ஆர்னால்டு தப்பி ஆங்கிலக் கப்பலில் ஏறினார். கிடைத்தது கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறுமா என்கிற தொகை. சரட்டோகாவில் அவர் காலுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பூட்ஸ் மட்டும் செதுக்கியிருக்கிறார்கள், பெயர் போடவில்லை.

கேள்வி: வாஷிங்டன் வென்ற சண்டைகளைவிடத் தோற்றவைதான் அதிகமாமே. அப்படியிருக்க அவரை எப்படிப் பெரிய தளபதி என்பது?
— ஓய்வுபெற்ற ராணுவ வீரர், பண்ருட்டி

நீங்கள் சீருடை போட்டவர், உங்களிடம் நான் பாடம் நடத்தக்கூடாது. இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். அவர் காப்பாற்றியது ஊர்களை இல்லை, படையை. நியூயார்க் போனது, ஃபிலடெல்ஃபியா போனது, படை மட்டும் கலையவில்லை. வேலி ஃபோர்ஜ் முகாமில் கழித்த குளிர்காலத்தில் நோயில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள், மிச்சமிருந்தவர்களை ஸ்டூபன் என்ற பிரஷ்யக்காரரைக் கொண்டு ஒழுங்கான படையாக்கினார். 1777லேயே தன் வீரர்களுக்கு அம்மை குத்த உத்தரவிட்டார். தெற்கே அவருடைய தளபதி நதானியல் கிரீனும் இதே வழிதான். கில்ஃபோர்டு சண்டையில் கிரீன் பின்வாங்கினார், ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் வென்றார். ஆனால் வென்றவர் தன் படையில் கால்வாசியை இழந்தார். அந்த வெற்றிக்கப்புறம்தான் கார்ன்வாலிஸ் வர்ஜீனியாவுக்கு நகர்ந்து யார்க்டவுனில் சிக்கினார்.

அந்தச் சிக்கவைத்தல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1781 ஆகஸ்டில் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் தெற்கே யார்க்டவுனுக்குப் போகவேண்டும். நியூயார்க்கிலிருந்த ஆங்கிலத் தளபதி கிளின்டனுக்குத் தெரியக்கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? நியூயார்க்குக்குப் பக்கத்தில், நியூ ஜெர்சியின் சாத்தமில், பெரிய ரொட்டி அடுப்புகள் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு ரொட்டி சுடுகிற அடுப்பு கட்டினால் அங்கேயே தங்கி முற்றுகை போடப்போகிறார்கள் என்றுதானே எதிரியின் ஒற்றன் எழுதி அனுப்புவான்? கிளின்டன் நம்பினார். உண்மை புரிந்தபோது படை வெகுதூரம் போய்விட்டது. செப்டம்பர் 5இல் தெ க்ராஸின் பிரெஞ்சுக் கப்பற்படை, யார்க்டவுனுக்குக் கடல்வழியான செசபீக் விரிகுடாவின் வாயில் ஆங்கிலக் கப்பல்களைத் தடுத்தது, அக்டோபர் 19இல் கார்ன்வாலிஸின் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது.

கேள்வி: எல்லாரிலும் பெரிய ஒற்றர் யார் டீச்சர்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், லாஸ்பேட்டை

ஜேம்ஸ், தம்பி. அவருக்கு அப்போது சொந்தமாக ஒரு குடும்பப் பெயர்கூடக் கிடையாது. வர்ஜீனியாவில் வில்லியம் ஆர்மிஸ்டெட் என்பவரின் அடிமை. 1781இல் எசமானின் அனுமதியோடு பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டிடம் வேலைக்கு வந்தார். தப்பி ஓடிவந்த அடிமைபோல் ஆங்கிலேயர் முகாமுக்குள் போய், பரிமாறுவது, ஏவல் செய்வது என்று கார்ன்வாலிஸின் கூடாரம் வரை சேர்ந்துவிட்டார். அடிமை பக்கத்தில் நிற்கிறான் என்று எந்த அதிகாரியும் பேச்சை நிறுத்தவில்லை. கார்ன்வாலிஸ் ஒருபடி மேலே போய், நீ அமெரிக்கர்களை வேவு பார்த்துச் சொல் என்று அவருக்கே வேலை கொடுத்தார். ஜேம்ஸ் இந்தப் பக்கம் உண்மையையும் அந்தப் பக்கம் பொய்யையும் கொண்டுபோனார்.

போர் முடிந்தது. நாட்டுக்கு விடுதலை, ஜேம்ஸுக்கு இல்லை. படைவீரனாகத் துப்பாக்கி ஏந்திய அடிமைகளுக்குத்தான் வர்ஜீனியாவின் சட்டம் விடுதலை கொடுத்தது, ஒற்றனுக்கு அதில் இடமில்லை. மறுபடி அதே எசமானிடம் போனார். 1784 நவம்பரில் லாஃபயெட் தன் கையால் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார், இவர் கொண்டுவந்த தகவல்கள் மிகவும் பயன்பட்டன என்று. அதை வைத்து மனுப் போட்டு, 1787 ஜனவரியில்தான் சட்டமன்றம் அவரை விடுவித்தது. அன்றிலிருந்து ஜேம்ஸ் லாஃபயெட் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1824இல் லாஃபயெட் அமெரிக்காவுக்கு மறுபடி வந்தபோது, ரிச்மண்டில் கூட்டத்துக்கு நடுவில் அவரை அடையாளம் கண்டு கட்டித்தழுவினார்.

ஜேம்ஸ் ஏமாற்றிய அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தவர். 1791இல் பெங்களூரைப் பிடித்தார், 1792இல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கினார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பள்ளியில் அழைத்துப் போனால் அவர் சிலையின் பீடத்தைப் பார். அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். யார்க்டவுன் அதில் எங்கும் இல்லை.

கேள்வி: நம் பக்கத்து ஒற்றர்கள் பற்றி ஏன் யாரும் எழுதுவதில்லை? ஆனந்தரங்கப் பிள்ளை இந்தப் போரைப் பற்றி எழுதியிருக்கிறாரா?
— தமிழாசிரியர், காட்டுமன்னார்கோயில்

புதுச்சேரியைப் பற்றி நாட்குறிப்பு எழுதிய பிள்ளை 1761லேயே காலமாகிவிட்டார், அவர் இந்தப் போரைப் பார்க்கவில்லை. 1778லிருந்து தொடங்குகிற இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பைத் தேடிப் படியுங்கள்.

நம் பக்கத்தில் ஒற்றர்களுக்கும் செய்தி ஓட்டக்காரர்களுக்கும் ஹர்க்காரா என்று பெயர். ஹைதரின் ஹர்க்காராக்களை ஆங்கிலேயர் மிகவும் அஞ்சினார்கள். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலேயரின் கர்னல் பெய்லிக்கு உதவியாக ஃப்ளெட்சர் ஒரு படையைக் கூட்டிக்கொண்டு போனார். கூட வந்த வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்களோ என்று சந்தேகம் தட்டவே, இருட்டில் பாதையை மாற்றிப் போய்ச் சேர்ந்தார். சந்தேகம் காப்பாற்றியது அந்த ஓர் இரவுக்குத்தான். மறுநாள், செப்டம்பர் 10இல், பெய்லியின் மொத்தப் படையும் புள்ளலூரில் அழிந்தது. சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தவர் யார் தெரியுமா? புதுச்சேரியைப் பிடித்த அதே மன்றோ. நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். அந்த வழிகாட்டிகளின் பெயரை எழுதிவைக்க நம்மிடம் ஒரு டால்மேட்ஜ் இல்லாமல் போனது பெரிய இழப்பு. உங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பழைய ஓலையோ காகிதமோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள். கோட்டையை 1758லேயே பிரெஞ்சுத் தளபதி லாலி தகர்த்துவிட்டார், அதனால் 1783 முற்றுகைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முற்றுகை நடந்த இடம் பார்க்க முதுநகருக்குத்தான் போகவேண்டும். புதுச்சேரியில் சுஃப்ரென் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. புஸ்ஸி வீதி இப்போது லால் பகதூர் சாஸ்திரி வீதி. புஸ்ஸி 1785 ஜனவரியில் புதுச்சேரியிலேயே இறந்தார். சில்வர் பீச்சில் ஜூன் மாதம் நின்று கிழக்கே பார்த்தால் அந்த 33 கப்பல்களும் மோதிய கடல்தான். மதிய வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், அங்கே நிழல் குறைவு.